காரைக்காலில் நலத்திட்ட முறைகேட்டுக் குற்றச்சாட்டும் அரசியல் பொறுப்புடைமையும்: இலவச அரிசித் திட்டத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அரசு நிதியில் நடைபெறும் நலத்திட்டம் ஒன்றில் முறைகேடு நிகழ்ந்ததாகக் குற்றச்சாட்டு எழும்போது, அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்னும் வினாவும் உடன் எழுகிறது. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதிக்கு உட்பட்டுத் தமிழ்நாட்டு நிலப்பரப்பால் சூழப்பட்டிருக்கும் காரைக்காலில் இவ்வினாவுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. 2015 முதல் 2024 வரை அரிசியா பணமா என நீண்ட சிக்கலை இக்கட்டுரை சான்றாகக் கொள்கிறது. கசிவு பற்றிய ஐயம் தனியாருடைய பொறுப்பை நிறுவும் விசாரணையாக வளராமல் திட்டத்தின் வடிவமாற்றமாக மாறும்போது, அதன் சுமை பயனாளியின்மேல் விழுகிறது என்பதையும், பயனாளி நேரில் வினவத்தக்க உள்ளூர் அரங்கு இல்லாமையே இதன் அடிப்படைக் காரணம் என்பதையும் கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், பொது விநியோகத் திட்டம், இலவச அரிசி, நேரடிப் பணப்பரிமாற்றம், பொறுப்புடைமை, சமூகத் தணிக்கை, உள்ளாட்சி.

முன்னுரை

அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த காரைக்கால், காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியின் நெற்களஞ்சியம் என அறியப்படுவதும் இதுவே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 2,00,222 பேர். நெல் விளையும் இம்மண்ணில் ஏழைக் குடும்பத்துக்கு அரசு அரிசி வழங்குவதா, அதற்கு ஈடான பணம் வழங்குவதா என்பது ஏறத்தாழ பத்தாண்டுகள் தீராத சிக்கலாக நீடித்தது.

இச்சிக்கலைத் துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் இடையிலான அதிகாரப் போட்டியாகவே பலர் நோக்கியுள்ளனர். அந்நோக்கு பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. பொது விநியோகத்தில் கசிவு உள்ளது, இடைத்தரகர் ஆதாயம் பெறுகின்றனர், வழங்கப்படும் அரிசி தரமற்றது என்னும் குற்றச்சாட்டுகளே இப்போட்டிக்கு அடிப்படைப் பொருளாக அமைந்தன. அக்குற்றச்சாட்டுகள் எவ்வாறு கையாளப்பட்டன, அதன் விளைவை யார் ஏற்றனர், காரைக்காலின் தனித்த ஆட்சி அமைப்பு இதில் என்ன பங்கு வகித்தது என்னும் மூன்று வினாக்களைக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. கசிவு, மோசடி, குற்றச்சாட்டு

நலத்திட்டங்கள் பற்றிய விவாதத்தில் கசிவு, மோசடி ஆகிய சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. ஆய்வில் இவற்றைப் பிரித்தறிய வேண்டும். அரசு விடுவித்த பொருளுக்கும் மக்கள் பெற்றதாகக் கூறும் பொருளுக்கும் இடையிலான வேறுபாடு கசிவு. இது புள்ளிவிவரக் கணிப்பு; இதில் குற்றவாளி என எவரும் சுட்டப்படுவதில்லை. மோசடி என்பது குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட செயலால், பொய்யான ஆவணத்தின் துணையுடன் பொதுநிதியைக் கவர்வது. இது மெய்ப்பிக்கப்பட வேண்டிய குற்றம். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது குற்றச்சாட்டு. விசாரணை, தணிக்கை ஆகியவற்றின் வழியே ஒருவருடைய பொறுப்பை நிறுவவோ, பொய்யெனத் தள்ளுபடியாகவோ வேண்டியது அது.

இந்தியப் பொது விநியோகத்தின் கசிவு குறித்த இரு கணிப்புகள் கருதத்தக்கவை. சாந்தகுமார் தலைமையிலான உயர்நிலைக் குழு 2015 ஜனவரியில் அளித்த அறிக்கை, 2011-12இல் கசிவு 46.7 விழுக்காடு எனக் கணக்கிட்டது. அதே காலத் தரவுகளை ஆராய்ந்த ஜான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2004-05இல் 54 விழுக்காடாக இருந்த கசிவு 2011-12இல் ஏறத்தாழ 42 விழுக்காடாகக் குறைந்ததாகக் காட்டினர். மாநிலங்களுக்கிடையே பெரும் வேறுபாடு உள்ளதையும் அனைவருக்குமான விநியோக முறையைக் கொண்ட தமிழ்நாட்டில் கசிவு குறைவாக இருப்பதையும் சுட்டினர். முதற்கணிப்பு பணப்பரிமாற்றத்துக்கான வாதமாயிற்று. இரண்டாவது கணிப்பு விநியோகத்தைச் சீர்திருத்த இயலும் என்பதற்குச் சான்றாயிற்று. ஒரே காலத் தரவுகள் இருவேறு கொள்கைகளுக்கு இடமளித்தன என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. கசிவின் அளவு, அதற்கான தீர்வைத் தானே முடிவு செய்துவிடுவதில்லை.

பொறுப்புடைமை என்னும் கருத்தாக்கத்தை அரசியலறிஞர் கியேர்மோ ஓ'டானல் செங்குத்துப் பொறுப்புடைமை, கிடைநிலைப் பொறுப்புடைமை எனப் பகுத்தார். வாக்காளர் தேர்தல் வழியே ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்பது முதல் வகை. நீதிமன்றம், தணிக்கை அமைப்பு, சட்டமன்றக் குழு போன்ற அரசு உறுப்புகள் ஒன்றையொன்று வினவுவது இரண்டாம் வகை. இவ்விரண்டோடு, திட்டத்தின் பயனாளிகளே பதிவேடுகளைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையை மூன்றாம் வகையாகக் கொள்ளலாம். தமிழ் மரபிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவராக்கின. பொறுப்பேற்றவன் கணக்குக் காட்ட வேண்டியது தன் ஊர்ச் சபைக்கே என்பது அவ்விதியின் உட்கோள். காரைக்கால் நிலையை மதிப்பிட இவ்வளவுகோல் பயன்படும்.

2. சூழ்ந்த நிலமும் தொலைவிலுள்ள தலைநகரும்

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையளவிலும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டமுறையிலும் இந்தியாவுடன் இணைந்தது. 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டத்தின்கீழ்ப் புதுச்சேரிக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் கிடைத்தன. மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களுள் நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து தொகுதிகளின் உறுப்பினர் காரைக்காலுக்குரியவர்.

காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் இடையில் 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு நிலம் கிடக்கிறது. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர் ஆகிய எல்லைகளைக் கடந்தால் வேறோர் அரசின் திட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு விலையில்லா அரிசி நியாயவிலைக் கடையிலேயே தரப்படுகிறது. எல்லையின் இருபுறமும் மொழி, உறவு, வேளாண்மை, சந்தை ஆகியவற்றால் இணைந்த குடும்பங்கள் வாழ்வதால், காரைக்கால் மக்கள் தம் அரசின் செயலை அயல் அரசின் செயலோடு நாள்தோறும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்புடையவர். ஆனால் அவ்வாறு ஒப்பிட்டுக் குறை கண்டபின் அதனை எடுத்துச் செல்லும் வழி நீண்டது: கடை விற்பனையாளர், குடிமைப்பொருள் வழங்கல் துறையின் மாவட்ட அலுவலகம், மாவட்ட ஆட்சியர், புதுச்சேரியிலுள்ள துறை இயக்குநரகம், அமைச்சர், துணைநிலை ஆளுநர், இறுதியாகப் புதுதில்லியிலுள்ள உள்துறை அமைச்சகம்.

புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் கருத்து வெளிப்பட்டபோது 1979 ஜனவரியில் கடுங்கிளர்ச்சி எழுந்தது. தனித்த அடையாளத்தைக் காக்க விரும்பிய அதே மண்ணில், தலைநகர் தம்மைப் புறக்கணிக்கிறது என்னும் மனக்குறையும் தொடர்ந்து ஒலித்துவருகிறது. இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் ஒரே கோரிக்கையின் இரு முகங்களே. தம்மை ஆள்வோர் தம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

3. அரிசியிலிருந்து பணத்துக்கு

புதுச்சேரியில் உணவு உதவி ஈரடுக்காக இயங்கியது. முதலாவது, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு வழங்குவது. இரண்டாவது, ஒன்றிய ஆட்சிப்பகுதி அரசு தன் நிதியிலிருந்து வழங்கும் இலவச அரிசி. 2015 ஆகஸ்டில் உணவு மானியப் பணப்பரிமாற்ற விதிகள் வெளியிடப்பட்டன. அடுத்த மாதமே சண்டிகர், புதுச்சேரி ஆகியவற்றிலும், 2016 மார்ச்சில் தாத்ரா நகர்ஹவேலியின் நகர்ப்பகுதியிலும் முதல் அடுக்கு பணமாக மாறியது. சாந்தகுமார் குழு பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட பெருநகரங்களிலிருந்து பணப்பரிமாற்றத்தைப் படிப்படியாகத் தொடங்கலாம் எனப் பரிந்துரைத்திருந்தது. ஒன்றிய ஆட்சிப்பகுதி என்னும் நிருவாக வரையறையே அலகாகக் கொள்ளப்பட்டதால், கடைமடைச் சிற்றூர்களையும் மீனவர் குடியிருப்புகளையும் கொண்ட காரைக்காலும் இம்மாற்றத்தில் சேர்ந்தது.

இரண்டாம் அடுக்கே அரசியல் மோதலின் களமாயிற்று. 2016 மே மாதம் கிரண்பேடி துணைநிலை ஆளுநராகவும், ஜூன் மாதம் வே. நாராயணசாமி முதலமைச்சராகவும் பொறுப்பேற்றனர். இலவச அரிசி காங்கிரசு அரசின் முதன்மை வாக்குறுதிகளுள் ஒன்று. கொள்முதலிலும் விநியோகத்திலும் இடைநிலையாளர் தலையீட்டைத் தவிர்த்துப் பயன் நேராக மக்களைச் சேரப் பணமே ஏற்றது என்பது ஆளுநர் மாளிகையின் நிலைப்பாடு. மக்கள் கேட்பது அரிசியே. பணம் வேறு செலவுகளுக்குத் திரும்பிவிடும். வெளிச்சந்தை விலை உயரும்போது குடும்பம் இழப்புறும் என்பவை அமைச்சரவையின் வாதங்கள்.

2018 ஏப்ரல் 28 அன்று துணைநிலை ஆளுநர், திறந்தவெளிக் கழிப்பிடமும் குப்பையும் அற்ற ஊர் எனச் சான்றளிக்கப்படும் வரை அவ்வூருக்கு இலவச அரிசி நிறுத்திவைக்கப்படும் என்று அறிவித்தார். கடும் எதிர்ப்பு எழுந்ததும் அதே நாளில் அதனை நிறுத்திவைத்தார். சட்டம் உரிமையாகக் கருதும் உணவை நன்னடத்தைக்கான பரிசாகக் கருதிய அணுகுமுறை அதில் வெளிப்பட்டது. விசாரிக்கப்பட வேண்டியது திட்டத்தை நடத்துவோரின் நடத்தையாக இருக்க, அவ்வறிவிப்பு பயனாளியின் நடத்தையை விசாரணைக்கு உட்படுத்தியது. 2019 பிப்ரவரி 13 அன்று முதலமைச்சர் தம் அமைச்சர்களுடன் ஆளுநர் மாளிகையின் எதிரே தொடங்கிய தர்ணாவில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் இலவச அரிசிக் கோப்புக்கு ஒப்புதல் என்பதும் அடங்கும்.

முடிவில் பணமே வழங்கப்பட்டது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு ஈடாக 600 ரூபாய். மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு ஈடாக 300 ரூபாய். கிலோவுக்கு 30 ரூபாய் என்பது இதன் அடிப்படை. இத்தொகை சந்தை விலையோடு தானே உயரும் தன்மையதன்று. எடுத்துக்காட்டாக, சந்தையில் அரிசி கிலோ 45 ரூபாய்க்கு விற்குமாயின் 600 ரூபாய்க்குக் கிடைப்பது 13 கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சிய ஏழு கிலோவுக்கான சுமை குடும்பத்தினுடையது. கடைவழிக் கசிவில் இழப்பு கண்ணுக்குப் புலனாகும். எடைக்குறைவு என்று முறையிடலாம். விலையுயர்வால் நேரும் இழப்பை முறையிட ஆளில்லை.

கடைகள் மூடப்பட்டதன் விளைவு அட்டைதாரரோடு நிற்கவில்லை. கூட்டுறவு அமைப்புகளும் பாப்ஸ்கோ நிறுவனமும் நடத்திய நியாயவிலைக் கடைகளின் ஊழியர் பல மாதங்கள் ஊதியமின்றிப் போராடினர். அரிசிக்கு மட்டுமன்றிச் சர்க்கரை போன்ற பிற பொருள்களுக்கும் இருந்த நிலையான விநியோக இடம் இல்லாது போயிற்று.

4. நீதிமன்றத்தில் எழுந்த வினா

அன்றாட நிருவாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிடுவது குறித்துச் சட்டமன்ற உறுப்பினர் க. இலட்சுமிநாராயணன் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2019 ஏப்ரல் 30 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2020 மார்ச் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. இதற்கிடையில், அரிசிக்கு மாற்றாகப் பணம் என்னும் முடிவை எதிர்த்து முதலமைச்சர் தொடுத்த தனி வழக்கும் 2020இன் தொடக்கத்தில் தள்ளுபடியாயிற்று.

1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அமைச்சரவைக்கும் நிருவாகிக்கும் கருத்து வேறுபாடு நேர்ந்தால் அதனைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்ப வழிசெய்கிறது. நடைமுறையில் அம்முடிவு ஒன்றிய உள்துறை அமைச்சகத்தினுடையது. சட்ட நோக்கில் இது தெளிவானது. பொறுப்புடைமை நோக்கில் இதன் விளைவு வேறு. வாக்குறுதி அளித்தவர் முதலமைச்சர். அதனை மறுத்தவர் துணைநிலை ஆளுநர். இறுதி முடிவு எடுத்தது தில்லி. நெடுங்காட்டு வாக்காளர் தம் சட்டமன்ற உறுப்பினரைத் தண்டிக்கலாம். ஆனால் அவர் முடிவெடுத்தவர் அல்லர். முடிவெடுத்த அமைப்போ புதுச்சேரிக்கு உள்ள ஒரே மக்களவைத் தொகுதியின் வாக்கால் அசையத்தக்கதன்று.

வழக்குகள் இரண்டும் அதிகாரம் யாருடையது என்பதையே வினவின. அரிசிக் கொள்முதலில் முறைகேடு நிகழ்ந்ததா, நிகழ்ந்திருப்பின் யாரால் என்னும் வினா அவற்றின் பொருளாக இருக்கவில்லை. இவ்வாறு கசிவு பற்றிய ஐயம் அரசமைப்பு விவாதத்துக்குள் கரைந்தது. ஐயம் மெய்யெனில் தவறிழைத்தவர் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். பொய்யெனில் திட்டம் தொடர்ந்திருக்க வேண்டும். பணத்துக்கு மாறியது இவ்விரு தேவைகளையும் தவிர்த்துச் செல்லும் மூன்றாம் வழியாக அமைந்தது.

5. இடம்பெயரும் கசிவு

பணப்பரிமாற்றம் முறைகேட்டுக்கு இடந்தராது என்னும் எண்ணம் மேலும் ஆராயத்தக்கது. நிதி ஆயோக் கேட்டுக்கொண்டபடி ஜே-பால் தெற்காசிய அமைப்பு, பணத்துக்கு மாறிய மூன்று ஒன்றிய ஆட்சிப்பகுதிகளில் 2016-17இல் சுற்றுச் சுற்றாக ஆய்வு நடத்தியது. பணம் அனுப்பப்பட்டதாக அரசுப் பதிவேடு காட்டியதற்கும் பணம் வந்ததாகப் பயனாளிகள் கூறியதற்கும் தொடக்கச் சுற்றுகளில் குறிப்பிடத்தக்க இடைவெளி இருந்தது. எந்தக் கணக்கில் பணம் சேர்ந்தது என்பதை அறியாதிருந்தமை இவ்விடைவெளியின் காரணங்களுள் ஒன்று. பிந்தைய சுற்றுகளில் நிலை மேம்பட்டதும் பணத்தை விரும்புவோர் தொகை கூடியதும் பதிவாயின. பணமுறை இயல்பாகவே தீயது என்பதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை; அது தானே தூய்மையானது என்பதற்கும் இடந்தரவில்லை.

காரைக்காலுக்கு வடக்கே கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் 2020இல் வெளிவந்த பிரதமர் உழவர் நிதியுதவித் திட்ட முறைகேடு இதற்கு மற்றொரு சான்று. தாமே பதிவு செய்துகொள்ளும் வசதி திறந்துவிடப்பட்டதும், அலுவலர்களின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கையில் சிக்கின. தமிழ்நாட்டில் தகுதியற்ற ஏறத்தாழ 5.5 இலட்சம் பேர் சேர்க்கப்பட்டதாகவும் 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றதாகவும் அப்போது வேளாண் துறைச் செயலர் தெரிவித்தார். வழக்கு குற்றப்பிரிவுக் குற்றப்புலனாய்வுத் துறையிடம் சென்றது. அலுவலர் சிலர் இடைநீக்கமும் ஒப்பந்த ஊழியர் பலர் பணிநீக்கமும் செய்யப்பட்டனர். கணக்குகளிலிருந்து பணம் மீட்கப்பட்டது. இங்குப் பணம் நேராக வங்கிக் கணக்குக்கே சென்றது. இடையில் கடை இல்லை. எனினும் தரகர் இருந்தனர். எடைத்தட்டில் நிகழ்ந்தது கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது.

தேசிய சமூக உதவித் திட்டம் குறித்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் அளித்த அறிக்கையும் இதனையே காட்டுகிறது. 26 மாநிலங்களிலும் ஒன்றிய ஆட்சிப்பகுதிகளிலும் இறந்துபோன 2,103 பயனாளிகளின் பெயரில் ஏறத்தாழ 2 கோடி ரூபாய் ஓய்வூதியம் வழங்கப்பட்டதை அது சுட்டியது. ஒருவர் இறந்த செய்தியை முதலில் அறிவது அவர் தெரு. அடுத்து அறிவது அவ்வூர் உள்ளாட்சி. அச்செய்தி பயனாளிப் பட்டியலைச் சென்றடையும் வழியே அறுபட்டிருக்கிறது. இக்குறையை மென்பொருள் மட்டும் நீக்காது. ஊரறிந்த பட்டியலே நீக்கும்.

6. காரைக்காலில் இல்லாத அரங்குகள்

பிரெஞ்சு அரசு 1880 மார்ச் 12 நாளிட்ட ஆணையால் இந்தியக் குடியேற்றப் பகுதிகளில் கொம்யூன் நகராட்சிகளை நிறுவியது. அக்காலத் தேர்தல்கள் முறைகேட்டுக்குப் பேர்போனவை என்பது வரலாறு. ஆயினும் மேர் எனப்பட்ட உள்ளூர்த் தலைவரை ஊர் அறிந்திருந்தது. இன்று காரைக்கால் நகராட்சியும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின்றி அலுவலரால் நடத்தப்படுகின்றன. 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வமைப்புகளின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இடஒதுக்கீடு குறித்த வழக்கினால் நடைபெறவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என அரசமைப்பின் 243உ பிரிவு விதித்தும் நிலை இதுவே.

இந்த இன்மை நலத்திட்டக் கண்காணிப்பை நேரடியாகப் பாதிக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, நியாயவிலைக் கடைகளின் செயல்பாட்டை உள்ளாட்சி அமைப்போ அதற்கென அதிகாரம் பெற்ற பிற அமைப்போ காலமுறையில் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது. 29ஆம் பிரிவு மாநிலம் முதல் கடை வரை விழிப்புக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. கடையே மூடப்பட்டபோது கடைநிலை விழிப்புக் குழுவுக்குக் கண்காணிக்கப் பொருளில்லை. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரில்லாத ஊரில், அலுவலர் கூட்டும் அவையில் அலுவலர் கணக்கையே வினவும் நிலை ஏற்படுகிறது.

தகவல் அறியும் உரிமைக்கும் இதே தொலைவு உண்டு. புதுச்சேரிக்கெனத் தனி தகவல் ஆணையம் இல்லாததால் இரண்டாம் மேல்முறையீடு புதுதில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குச் செல்கிறது. காணொலி விசாரணை பயணத்தைக் குறைத்துள்ளதேயன்றி, உள்ளூர் நிலையை அறிந்த ஆணையத்தை அளித்துவிடவில்லை. கணக்குத் தணிக்கை அறிக்கைகள் புதுச்சேரிச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டுப் பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குச் செல்கின்றன. அவை இன்றியமையாதவை; ஆனால் இயல்பிலேயே காலந்தாழ்ந்தவை. இம்மாத அரிசி ஏன் வரவில்லை என்னும் வினாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து வரும் பத்தியொன்று விடையாகாது.

இந்நிலையில் எஞ்சுவது தேர்தல் ஒன்றே. 2024 மக்களவைத் தேர்தலில் மூடிக்கிடந்த நியாயவிலைக் கடைகள் பரப்புரைப் பொருளாயின. ஆளுங்கூட்டணி வேட்பாளர் தோல்வியுற்றார். அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளியை ஒட்டி என். ரங்கசாமி அரசு கடைகளை மீண்டும் திறந்து இலவச அரிசியும் சர்க்கரையும் வழங்கியது. அத்தேர்தல் முடிவுக்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். எனினும் அரிசி வேண்டும் என்னும் கோரிக்கை செவிசாய்க்கப்பட வாக்குப்பெட்டி வரை செல்ல வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. தேர்தல் கடையைத் திறக்க வைக்கலாம். முன்பு நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேட்டின் மெய்ம்மையை நிறுவ அதனால் இயலாது.

7. பிற நாட்டுச் சான்றுகள்

குற்றச்சாட்டைக் கையாள்வதில் இரு எதிர்நிலைப் பிழைகள் நிகழலாம் என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு காட்டுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளுக்கு உணவு வழங்கியதாகப் பொய்க்கணக்குக் காட்டி 25 கோடி டாலர் கூட்டாட்சி நிதி கவரப்பட்டதாக ‘ஃபீடிங் அவர் ஃபியூச்சர்’ என்னும் தொண்டு நிறுவனத்தைச் சூழ்ந்து 2022 செப்டம்பரில் வழக்குகள் தொடரப்பட்டன. 2025 மார்ச்சில் அதன் நிறுவனர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அதற்கு முன்பே, 2024 ஜூனில், மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளர் கல்வித்துறையின் மேற்பார்வைக் குறைகளைத் தனி அறிக்கையாக வெளியிட்டார். மோசடி செய்தோரின் குற்றம் ஒருபுறமும் மேற்பார்வை செய்யத் தவறியோரின் பொறுப்பு மறுபுறமும் தனித்தனியே ஆராயப்பட்டன.

நெதர்லாந்தில் நிகழ்ந்தது இதன் மறுதலை. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைத் தடுக்க முனைந்த வரித்துறை, பல்லாயிரம் பெற்றோரைத் தவறாக மோசடியாளர் எனக் கருதிப் பெருந்தொகைகளைத் திருப்பிச் செலுத்தச் செய்தது. நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் இதனை அநீதி என அறிக்கையிட்டது. 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டே அமைச்சரவை பதவி விலகியது. முன்னதில் ஐயம் போதாமையும் பின்னதில் ஐயம் மிகையும் தீங்காயின. இரண்டிலும் அரசின் தவறு ஆவணமாகி, இன்னாருடைய பொறுப்பு எனப் பெயர் பெற்றது. காரைக்கால் நிகழ்வில் இல்லாதது அந்த இறுதிப்படியே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் அறியப்படுபவை வருமாறு:

• கசிவின் புள்ளிவிவரம் மோசடிக்கான மெய்ப்பு ஆகாது. அது விசாரணையைத் தொடங்குவதற்கான காரணமே தவிரத் திட்டத்தைக் கலைப்பதற்கான காரணம் அன்று.

• இலவச அரிசி குறித்த பத்தாண்டுச் சிக்கலில் அதிகாரம் யாருடையது என்னும் வினா முன்னின்றது. முறைகேட்டுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா பின்தங்கியது. விலையுயர்வு, கடை மூடல், ஊழியரின் ஊதிய இழப்பு ஆகிய சுமைகள் கீழ்நிலையிலேயே தங்கின.

• பணப்பரிமாற்றம் முறைகேட்டை ஒழிப்பதில்லை; அதன் இடத்தை மாற்றுகிறது. எவ்வடிவத்திலும் ஊரறிந்த பயனாளிப் பட்டியலும் உள்ளூர்ச் சரிபார்ப்பும் இன்றியமையாதவை.

• காரைக்காலின் நிலவியல் தனிமை தன்னளவில் சிக்கல் அன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி, சமூகத் தணிக்கை, அண்மையிலுள்ள முறையீட்டு அமைப்பு ஆகியவை இல்லாதபோதே அது பொறுப்புடைமைச் சிக்கலாகிறது.

கடைகள் மீண்டும் திறக்கப்பட்ட நிலையில், கடைதோறும் இருப்பு, வரவு, வழங்கல் ஆகியவற்றைப் பொதுவில் எழுதிவைத்தலும், சட்டம் கூறும் விழிப்புக் குழுக்களைக் கொம்யூன் அளவில் அமைத்தலும், உள்ளாட்சித் தேர்தலை நடத்துதலும் புதிய சட்டம் எதனையும் வேண்டாதவை. உள்ள சட்டங்களின் நிறைவேற்றமே போதும். உத்திரமேரூர்ச் சபை, கணக்குக் காட்டாதவரை மீண்டும் பொறுப்பில் அமரவிடவில்லை. காரைக்காலில் கணக்குக் கேட்கவேண்டிய அவை இன்னும் கூட்டப்படாமல் இருக்கிறது. அது கூடும்வரை, நலத்திட்ட முறைகேடு பற்றிய ஒவ்வொரு குற்றச்சாட்டும் மெய்யாயினும் பொய்யாயினும் மக்களின் அடுப்பங்கரையிலேயே தன் விலையைப் பெற்றுக்கொள்ளும்.